அதெல்மார் பிரபுவின் பின்பாதி

இந்த ரொறன்ரோவில் ஒரு மண்டபம் எடுப்பது பெண் எடுப்பதைவிடக் கஷ்டம், றெஜினா தங்கச்சி. ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தாலும் கடைசி நேரத்தில் வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபம். அதுவும் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஆறு மணிவரைக்கும்தான். ஆறு மணிக்கு அங்கே பிங்கோ விளையாட்டு. ஊரில் விடியவிடிய ஆடிய கூத்தை ஒரு பின்னேரத்துக்குள் அடக்க வேண்டும் என்று கேட்டபோது, எங்களுக்குக் கூத்துப் பழக்குகிற இக்னேசியஸ் அண்ணாவியார் தலையில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1986 ஒக்ரோபரில் எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. நாளை மாற்ற முடிந்திருந்தால் பல விஷயங்கள் வேறு விதமாக நடந்திருக்கும். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

நீங்கள் கனடா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தமையன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, இந்தப் பனிக்குள் என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். உள்ளே வந்தும் கோட்டைக் கழற்றவில்லை. "சூசை அண்ணை, நான் சாகக் கிடக்கிறன் எண்டு அவருக்கு ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டீர்கள். நல்ல கேள்வி. இந்த இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. சொல்கிறேன். ஆனால் கூத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

அதெல்மார் பிரபுவின் கதை எங்கள் பாசையூரில் பிறந்த உங்களுக்கு மனப்பாடம். என்றாலும் முன்னால் பாய் விரித்திருந்து பார்ப்பது வேறு, திரைக்குப் பின்னால் நின்று கேட்பது வேறு. ஐரோப்பாவில் எங்கோ ஒரு மலைநாட்டுப் பிரபுவின் இளைய மகன் அதெல்மார். எழுநூறு வருடத்துக்கு முந்திய கதை என்பார் அண்ணாவியார். தமையன் சிலுவைப்போருக்குப் போய்த் திரும்பி வரும்போது தகப்பன் செத்துக் கிடக்கிறார். பட்டம் தமையனுக்குரியது. அதெல்மார் அவனை விருந்துக்கு அழைத்து, கோபுரத்தில் வைத்துப் பூட்டி, பட்டினியில் சாகவிட்டு, தானே முடி சூட்டிக்கொள்கிறான். அதோடு முன்பாதி முடிந்தது.

பிறகு இருபது வருடம் ஆள்கிறான். குறை சொல்ல முடியாத ஆட்சி. பாலம் கட்டுகிறான், ஏழைகளின் வரியைத் தள்ளுபடி செய்கிறான், கொள்ளைநோய் வந்தபோது தன் கையாலேயே கஞ்சி வார்க்கிறான். அந்த நோயில் அவனுடைய ஒரே மகன் போய்விடுகிறான். அதற்குப் பிறகு வெறும் கோபுரத்துக்குள்ளிருந்து கதவு தட்டுகிற சத்தம் அவனுக்குக் கேட்கத் தொடங்குகிறது. முடியைக் கழற்றிவைத்து, சாக்கு உடுத்து, வெறுங்காலோடு தன் கோட்டை வாசலுக்கே பிச்சைக்காரனாக வந்து நின்று, குடிமக்கள் முன்னால் பாவத்தைச் சொல்லி அழுது உயிரை விடுகிறான். அது பின்பாதி.

ஒரு ஆள் இரவு முழுக்கப் பாடினால் தொண்டை கட்டிவிடும். அதனால் எங்கள் வழக்கப்படி பெரிய பாத்திரங்களுக்கு இரண்டு பேர். முன் அதெல்மார் நான். பின் அதெல்மார் உங்கள் பஸ்ரியன். முடி சூட்டியவுடன் நான் திரைக்குப் பின்னால் போய் அந்த முடியைக் கழற்றி அவன் தலையில் வைப்பேன். இருபது வருட ஆட்சியைக் கட்டியகாரன் ஒரே விருத்தத்தில் பாடி முடிப்பான். பிறகு பஸ்ரியன் மேடைக்குப் போவான். அதெல்மார் நல்லவனாக வாழ்ந்த காலம் எங்கள் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. அது திரைக்குப் பின்னாலேயே போய்விட்டது.

பாவம் செய்கிற பாதி எனக்கு. மன்னிப்புக் கேட்கிற பாதி அவனுக்கு. இளந்தாரியாக இருந்தபோது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வாள், வேட்டை, கல்யாணம் எல்லாம் என் பக்கத்தில்தான். ஆனால் கூத்து முடிந்த மறுநாள் சந்தைக்குப் போனால் கிழவிகள் என்னைப் பார்த்து, "தமையனுக்குச் சோறு குடாதவன் போறான்" என்பார்கள். பஸ்ரியனுக்குத் தொண்டைக்கு என்று நாட்டுக்கோழி முட்டை கொடுத்தனுப்புவார்கள். எனக்குப் பெண் பேசப் போன இடத்தில்கூட அந்தப் பகிடி வந்தது. பகிடிதான், ஆனாலும் அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. நீங்கள் பஸ்ரியனைக் கட்டச் சம்மதித்தது கோட்டைவாசல் பாட்டைக் கேட்டு அழுத இரவுக்குப் பிறகுதான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். நீங்கள் அழுதபோது நான் திரைக்குப் பின்னால் தேங்காயெண்ணெய் போட்டு முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவனை வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். அவனைப்போல ஒரு சிநேகிதன் எனக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. 1985இல் அவன் ரொறன்ரோ வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்குக் கோட் கொண்டுபோனது நான். இதே அறைகளில் நானும் அவனும் நவரட்ணமும் இருந்தோம். நவரட்ணம் சைவ சமயம், எங்கள் வேதக்காரக் கூத்தென்றால் அவனுக்குப் பகிடி.

"உங்களுக்கு வெள்ளைக்காரன்ர ராசாவை விட்டால் வேறை ராசா இல்லையோடாப்பா?" என்பான்.

"ஏன், உங்கட ராமன் மட்டும் வட்டுக்கோட்டையிலயே பிறந்தவன்?" என்பான் பஸ்ரியன், மீனைப் புரட்டிக்கொண்டே.

மண்டபம் கேட்கப் போன அன்று அந்தக் கோயில் ஃபாதர், பிரபு எந்த நாட்டவர் என்று ஆவலாகக் கேட்டார். அவருக்கு ஐரோப்பியச் சரித்திரத்தில் பிடிப்பு. பஸ்ரியன் ஒரு கணமும் யோசிக்காமல் தன் அரைகுறை இங்கிலீசில், "அவர் எங்கட பாசையூர், ஃபாதர்" என்றான். ஃபாதர் வயிறு குலுங்கச் சிரித்தார். மண்டபத்தை இலவசமாகத் தந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாத்திரம் பிரிக்கிற நாள் வந்தது. புது நாடு, புது மேடை. எனக்கு வயது நாற்பத்தாறு, முன்மயிர் கொட்டிவிட்டது. இந்த முறை அண்ணாவியார் மாற்றிப் போடுவார் என்று நினைத்தேன். அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "முந்தின மாதிரியே ஆடுவம்" என்றார். அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். மட்டையில் வெள்ளித்தாள் ஒட்டி முடி செய்ததும் நான்தான். பஸ்ரியனின் தலை பெரிது என்பதால் அவன் அளவுக்கே செய்தேன்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு பின்னேரம் அவன் பிறம்ரன் களஞ்சியசாலையில் வேலை முடிந்து, சப்பாத்து நனைந்து வந்தான். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அது தற்செயல். அவன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான்?" என்றான்.

"கொழும்பிலயிருந்து ஒரு ரெலிபோன் கோல் வந்தது," என்றேன். "ஆரெண்டு சொல்லேல்லை. றெஜினாவை ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்காம். கடுமையாம்."

அப்படி ஒரு கோல் வரவில்லை.

அந்த நேரம் நான் யோசித்தது மிகச் சின்ன விஷயம். வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கும்போது யாரும் முகத்தில் பூச்சுப் போட மாட்டார்கள், காலில் சலங்கை கட்ட மாட்டார்கள். அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. பஸ்ரியன் இந்த முறை விலகிக்கொள்வான். சண்டையில் லைன்கள் அறுந்து கிடந்ததால் ஊருக்கு ரெலிபோன் எடுத்து விசாரிக்க வழியில்லை. கூத்து முடிந்ததும், உங்களுக்குச் சுகமாகிவிட்டது என்று இன்னொரு கோல் வந்ததாகச் சொல்லிவிடலாம். அவனுக்கு ஒரு மாதக் கவலை, எனக்கு ஒரு பின்னேரம். கணக்கு அப்படித்தான் இருந்தது. அவன் திரும்பிப் போவான் என்று நான் நினைக்கவேயில்லை. ஒரு மனிதன் தன் மனைவியிடம் அவ்வளவு பிரியமாக இருப்பான் என்று, கல்யாணம் செய்யாத எனக்கு எப்படித் தெரியும்?

அவன் குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டான். "நான் போகப்போறன்" என்றான்.

நவரட்ணம்தான் கத்தினான். "உனக்கென்ன விசரோ? உன்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. போனியெண்டால் திரும்ப விடமாட்டாங்கள். இரடாப்பா, ஊருக்குப் போற ஆரிட்டையும் விசாரிச்சுப் பாப்பம்."

"விசாரிச்சு முடிய அவள் இருப்பாளோ?" என்று பஸ்ரியன் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். "சூசை, நீ என்ன சொல்லுறாய்?"

நான் ஒருபக்கமும் சாயவில்லை. "உன்ர மனம் சொல்லுற மாதிரிச் செய்" என்றேன். அவனுடைய குடும்ப விஷயத்தில் தலையிடுவது சரியில்லை என்று பட்டது.

போவதற்கு முந்திய பின்னேரங்களில் அவன் என்னைக் கீழே உடுப்புத் துவைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சூடாக இருக்கும், குரலும் நன்றாக எதிரொலிக்கும். மெசின்கள் சுற்றிக்கொண்டிருக்க, கோட்டைவாசல் பாட்டை எனக்குச் சொல்லித்தந்தான்.

கோட்டை வாசலில் நின்றேன் – என்னைக்
கூப்பிட ஆளுமில்லை
பூட்டிய கையிதுதான் – இந்தப்
பூட்டைத் திறப்பதெவர்?

பாட்டு எனக்குத் தெரியும். இருபது வருடம் திரைக்குப் பின்னால் நின்று முணுமுணுத்த பாட்டு. எனக்குத் தெரியாதது, 'பூட்டிய' என்ற இடத்தில் அவன் எப்படி மூச்சை விடாமல் வைத்திருக்கிறான் என்பதுதான். "அதிலை அழக்கூடாது, மச்சான்," என்றான். "அழுகையை விழுங்க வேணும். நீ விழுங்கினால் சனம் அழும்." மனைவி சாகக் கிடக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிற மனிதன், என் நெஞ்சில் கைவைத்து மூச்சு சரியா என்று பார்த்தான்.

விமான நிலையத்துக்கும் நான்தான் போனேன். அவன் கையில் மகளுக்கென்று வாங்கிய ஒரு சோடிச் சிவப்புக் கம்பளிக் கையுறை இருந்தது. "உந்த வெயிலுக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்டேன். "பனியைக் கொண்டுபோய்க் காட்ட ஏலாதுதானே. உதையாவது காட்டுவம்" என்றான். பிறகு என் தோளில் கைபோட்டான்.

"உனக்குப் பின்பாதியிலை விருப்பம் எண்டு எனக்கு எப்பவோ தெரியும், சூசை. இந்த முறை நீ ஆட வேணும் எண்டு உந்தக் கோல் வர முன்னமே நான் அண்ணாவியாரிட்டைச் சொல்லிப்போட்டன். அவரும் ஓமெண்டிட்டார். என்ர தொண்டையும் முந்தின மாதிரி இல்லை. வெள்ளுடுப்பு அண்டைக்குச் சொல்லி உன்னை அழப்பண்ணுவம் எண்டு ஒளிச்சு வைச்சிருந்தம்."

வெள்ளுடுப்பு என்பது ஆடைகட்டி ஆடுகிற கடைசி ஒத்திகை, உங்களுக்குத் தெரியும்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரிக்கற் வாங்கியாயிற்று. பெட்டி உள்ளே போய்விட்டது. வரிசையும் நகரத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் அப்படி ஒரு விஷயத்தைச் சொன்னால் அவன் எவ்வளவு வேதனைப்படுவான்? சந்தோசமாகப் போகட்டும் என்று விட்டேன். போய்ச் சேர்ந்து உங்களைச் சுகமாகக் கண்டால் அதைவிடப் பெரிய சந்தோசம் அவனுக்கு என்ன இருக்கப்போகிறது?

அப்படித்தான் நடந்தது என்று நீங்களே சற்றுமுன் சொன்னீர்கள். நீங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தீர்களாம். அவன் படலை வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தானாம், பிறகு அழுதானாம், பிறகு திரும்பவும் சிரித்தானாம். "ஆரோ பேர் மாறிச் சொல்லிப்போட்டாங்கள்" என்றானாம். என் பெயரைச் சொல்லிக் குறைகூட ஒன்றும் பேசவில்லையாம். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. மகள் அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் ஓடித்திரிந்தாளாம். ஆக, நான் சொன்ன பொய்யால் உங்கள் மூன்று பேருக்கும் சில நல்ல நாட்கள் கிடைத்தன. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பி வருவதற்கு வழி தேடி அவன் கொழும்புக்குப் புறப்பட்டதும், வழியில் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டதும் என் கையில் இல்லாத விஷயங்கள். அந்தப் பஸ்ஸில் நிறையப் பேர் இருந்தார்கள். வேறு ஆளை இறக்கியிருக்கலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதோடு முடிந்தது. நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்காததற்குக் காரணம், உங்களுக்குப் பதில் தெரியும் என்று நீங்கள் நினைப்பதுதான்.

கூத்துக்கு முந்திய வியாழக்கிழமை காலை, இதோ இந்தச் சுவரில் இருக்கிற ரெலிபோன் அடித்தது. கொழும்பில் ஒரு கடையிலிருந்து நீங்கள் பேசினீர்கள். லைன் சரியில்லை, உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆர், நவரட்ணம் அண்ணையோ?" என்றீர்கள்.

"ஓம்" என்றேன்.

"அவரைப் பிடிச்சுப்போட்டாங்கள், அண்ணை. ஆமிக் காம்பிலை உயிரோடை கண்ட ஆள் இருக்கு. அங்கை ஃபாதரிட்டைச் சொல்லுங்கோ. ஃபாதர் ஒட்டாவாவுக்குச் சொல்லி, கனடாவிலயிருந்து ஆரும் கேட்டால் விடுவினமாம். இண்டைக்கே சொல்லுங்கோ, அண்ணை. பிந்தினால் வேறை இடத்துக்கு மாத்திப்போடுவினமாம்."

"சொல்லுறன்" என்றேன்.

இரண்டு வருடமாக நவரட்ணம்தான் ஃபாதரிடம் சொல்லப் பிந்தினான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் பாவம், மார்க்கம் என்ற பக்கத்து ஊருக்கு வீடு மாறிப் போய்விட்டான். நீங்கள் ஏன் அவனுக்குப் பதில் எழுதுவதில்லை என்று என்னிடம் கேட்டான்.

ரெலிபோனை வைத்துவிட்டு நான் யோசித்தேன். அவசரப்படவில்லை. ஃபாதரிடம் சொன்னால் அண்ணாவியாருக்குத் தெரியவரும். பஸ்ரியன் பிடிபட்டிருக்கிறான் என்று தெரிந்தால் அவர் மத்தளத்தைத் தொட மாட்டார். கூத்து நின்றுவிடும். மண்டபம் திரும்பக் கிடைக்காது. எத்தனை பேருடைய உழைப்பு. யன்னல் திரைத் துணியில் உடுப்புத் தைத்த பெண்கள், இரும்புப் பட்டறையில் இரகசியமாக வாள் அடித்துத் தந்த ஆள். பஸ்ரியனே அங்கே இருந்தால் என்ன சொல்வான்? ஆடு மச்சான் என்றுதான் சொல்வான். எனக்காகவே விட்டுக்கொடுத்த பாதி அது. இடையில் இருப்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் முழு அதெல்மாராக ஆடினேன். நேரம் குறைவு என்பதால் இரண்டு பாதியையும் ஒரே ஆள் ஆடலாம் என்று அண்ணாவியார் விட்டுவிட்டார். முடி எனக்குப் பெரிதாக இருந்தது, உள்ளே துணி மடித்து வைத்தேன். தமையனைப் பூட்டினேன், நாட்டை ஆண்டேன், மகனைப் பறிகொடுத்தேன். கோட்டைவாசலுக்கு வந்தபோது எனக்குப் பஸ்ரியனின் முகம் தெரிந்தது. இருட்டில், கால் மடக்கி இருக்கிற மாதிரி. 'பூட்டிய' என்ற இடத்தில் அவன் சொன்னபடியே அழுகையை விழுங்கினேன். சனம் அழுதது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நவரட்ணம் எழும்பி வெளியே போய்விட்டான். பஸ்ரியன்கூட இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை என்று அண்ணாவியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், காலையில்தான் கோல் வந்தது என்று சொன்னேன். அவர் பூசை உடுப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே ரெலிபோனுக்குத்தான் ஓடினார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டாவாவில் யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஒருவர் எடுத்தார், நல்ல மனிதர், உடனே விசாரித்தார். சனிக்கிழமை வரைக்கும் அந்த ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள் என்றும், அன்று இரவு வேறு எங்கோ ஏற்றப்பட்டார்கள் என்றும், எங்கே என்று சொல்ல யாருமில்லை என்றும் பதில் வந்தது.

இவ்வளவுதான். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பொய்க் கோலைச் சொன்னது நான், உண்மைக் கோலை விழுங்கியது நான், உங்கள் கணவனைக் கொன்றது நான் என்று நீங்கள் சொன்னால் மறுத்துப் பேச மாட்டேன்.

நீங்கள் எழும்பிவிட்டீர்கள். கொஞ்சம் இருங்கள், தங்கச்சி. கதவு இறுக்கம், பலமாக இழுத்தால்தான் திறக்கும், நானே திறந்துவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று. அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பேரும் அழுதார்கள், நீங்கள் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை. மத்தளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பாட்டை ஒருமுறை பாடிக் காட்டுகிறேன், கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் உங்களுக்கும் என்னை மன்னிக்க மனம் வரும்.